விழுவதன் வெளிச்சம்

— சும்மா சும்மா கதவைத் தட்டாத சீலி. சாவி எங்கிட்டதான் கீது. ஆனா தொறக்கக் கூடாதுன்னு மாமா சொல்லிட்டுப் போயிருக்காரு.

— அண்ணி, அப்பா பூசை முடிஞ்சு வர்றதுக்குள்ள என்னை விட்டுடுங்க. பூந்தமல்லி போய் பெங்களூர் பஸ் பிடிச்சிடுவேன். நாளைக்குக் காலையில மேல்படிப்புக்கு இன்டர்வியூ.

— இன்னாடீ பேசுற? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு ரெண்டு ஞாயிறா கோயில்ல உன் ஓலை வாசிச்சாச்சு. இந்நேரம் சாமியார் மூணாவதையும் வாசிச்சுகினு இருப்பாரு. நசரத்பேட்டை மில்காரருக்கு மாமா குடுத்த வாக்கு இன்னா ஆவுறது?

— அவரோட மொத சம்சாரம் எப்படிச் செத்தாங்கன்னு கோவில்பதாகையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

— கேட்டுகினுதான் கீறேன். அத்த உடு. அப்டி இன்னாத்தப் படிக்கப் போற?

— குவேசார். அதாவது, ரொம்பத் தூரத்துல ஒரு வெளிச்சம் அண்ணி. கோடானுகோடி சூரியனைச் சேர்த்தாலும் அந்தப் பிரகாசம் வராது. அதோட நடுவுல இருக்கிறது கருந்துளை.

— இருட்டுலருந்து எப்டிம்மா வெளிச்சம் வரும்? கதை உடாத.

— உள்ள போனது எதுவும் திரும்பாது, வெளிச்சம்கூட. ஆனா விழப்போறது நேரா விழாது. சுத்திச் சுத்தி, ஒண்ணோட ஒண்ணு உரசி, சூடேறி எரியும். அதாவது, அந்த வெளிச்சம் துளையோடது இல்ல. விழுந்துக்கிட்டிருக்கிறதோடது.

— த பாரு... நான் இந்த ஊட்டுக்கு வந்து, ஒரு பொண்ணையும் பெத்து வளத்துட்டேன். தெரசா மருமவளா வந்தப்புறம் ஊடே பளிச்சுன்னு கீதுன்னு என்னைப் பத்தி குவாட்டர்ஸ் பூரா பேச்சு. நானும் பெருமையா கேட்டுகினு இருந்தேன் பாரு.

— நான் இன்னும் விளிம்புலதான் இருக்கேன் அண்ணி. இப்ப விட்டா தப்பிச்சிடுவேன்.

— அழாத. இரு, தொறக்குறேன்.

— பூட்டுல சாவி போட்ட சத்தம் கேட்டுச்சே. ஏன் நிறுத்திட்டீங்க?

— ஒரு சந்தேகம். சுத்துறது தப்பிச்சுப் போயிட்டா, அந்தத் துளை இன்னா ஆவும்?

— தீனி இல்லாம வெளிச்சம் அணைஞ்சிடும். துளை அங்கயேதான் இருக்கும். அதாவது, அடுத்து எது பக்கத்துல வருதோ அதை இழுக்கும். தொறங்க அண்ணி.

— மாமா வாக்கு மாற மாட்டாரு சீலி. நீ போயிட்டா, வர்ற ஞாயித்துக்கெழம ஓலையில என் பொண்ணு பிலோமினா பேரை வாசிப்பாங்க. அவளுக்குப் போன மாசம்தான் பதினெட்டு முடிஞ்சுது. சாவியை உருவிட்டேன், நீ எவ்ளோ வேணா திட்டிக்கோ.