ஸ்கெல்னெஸின் எட்டாவது குழி

கடலோரப் புல்லுக்கு அதிகமாகத் தண்ணீர் விடக் கூடாது. நாற்பத்தோரு வருட வேலையில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் அது ஒன்றுதான் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் புல் சோம்பேறியாகிவிடும். வேர் கீழே இறங்காது. ஆட்டக்காரர்களும் அப்படித்தான் என்பது என் கட்சி. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டால் மறுபடி வரமாட்டார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், கிளப் செயலாளர் அவர்களே. பெயர் டூகல்ட் ரென்னி. ஸ்கெல்னெஸ் கோல்ஃப் மைதானத்தில் 1981 முதல் புல்தரைப் பராமரிப்பாளன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. யாரும் என்னை மிரட்டவில்லை, காலையில் கஞ்சி குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

எட்டாவது குழியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும். பந்தை அடிக்கும் இடத்தில் நின்றால் எதிரே ஒரு பெரிய மணல்மேடுதான் தெரியும். கிழவி முதுகு என்று பெயர். அதன் உச்சியில் ஒரு வெள்ளைக் கம்பு. கம்பைக் குறிவைத்து நூற்று முப்பத்தெட்டு கஜம் அடிக்க வேண்டும். குழியும் அதைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்லும் மேட்டுக்கு அந்தப்புறம் இருக்கின்றன. பந்து என்ன ஆனது என்பது ஏறிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆட்டத்தை முடித்தவர், பின்னால் வருகிறவர்களுக்காக மணியை அடித்துவிட்டுப் போவார்.

1871இல் தொடங்கியதிலிருந்து அந்தக் குழியை ஒரே அடியில் முடித்தவர் எவரும் இல்லை. அப்படி முடிப்பவரின் பெயரை எழுதவென்றே கிளப்பில் ஒரு ஓக் பலகை மாட்டியிருக்கிறோம். மேலே தங்க எழுத்தில் தலைப்பு, கீழே வெறும் மரம். அந்த வெறும் மரத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒசாகாவிலிருந்து ஆள் வருகிறது. நமக்கு அடுத்த ஊர் மைதானத்தில் நம்மைவிட நல்ல புல் இருக்கிறது, ஏதோ ஒரு பிரபு நட்ட மரம்கூட இருக்கிறது. அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

1981 மே மாதம். நான் மேட்டுக்கு அந்தப்புறம் மண்டியிட்டு மண்புழு மண்ணைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு பந்து வந்தது. இரண்டு முறை துள்ளியது. பிறகு தன் வீட்டுக்குள் நுழைகிற பூனை மாதிரி சாவகாசமாகக் குழிக்குள் போனது. அடித்தவர் டண்டீ நகரத்துப் பல்மருத்துவர். நூற்றுப்பத்து வருடச் சரித்திரம் ஒரு பல்மருத்துவரின் கையால் முடியப்போகிறது என்று நினைத்தபோது என் மனசு கேட்கவில்லை. பந்தை எடுத்து ஒன்றரை கஜம் தள்ளி வைத்தேன்.

மூச்சு வாங்க ஏறி வந்தவரிடம், "மயிரிழையில போச்சு, டாக்டர்" என்றேன்.

"நிஜமாவா? எவ்வளவு தூரத்துல?"

கையால் அளந்து காட்டினேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அதற்குப் பிறகு பதினாறு முறை வந்தார். அவருக்கு அத்தனை சந்தோஷத்தைக் கொடுத்தது யார் என்பதை மட்டும் யோசியுங்கள்.

மொத்தம் இருபத்துமூன்று பந்துகள். அவசரமாகச் செய்த வேலை எதுவும் கிடையாது. குழியைச் சுற்றியுள்ள மணற்பள்ளங்களில் வைத்தால் என் காலடித் தடத்தை வாரியால் சமன்படுத்திவிடுவேன். மணலுக்குள் அழுத்தி வைத்ததில்லை. முயல் வளைக்குள் போட்டதில்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

பாதிரியார் மக்கில்ரே விஷயத்தில் சற்றுத் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்று காற்று என் பக்கம் வீசியதால் அவர் வேண்டிக்கொண்டது காதில் விழுந்தது. "ஆண்டவரே, ஒரே ஒரு தடவை. இதுக்கப்புறம் எதுவும் கேட்டுத் தொந்தரவு பண்ணமாட்டேன்." பந்து நேராகக் குழிக்குள் போனது. கடவுளுக்கும் அவருக்கும் நடுவில் புகுவது என் வேலையில் சேராது. ஆனாலும் பலகை ஞாபகம் வந்தது. மணற்பள்ளத்தில் தன் பந்தைக் கண்டதும் அவர் ஒரு வார்த்தை சொன்னார். அதை அதற்குமுன் மீன்பிடிப் படகுகளில்தான் கேட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு பொறுமையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். அவர் வாழ்நாளில் பேசியதிலேயே சிறந்தது அதுதான் என்று ஊரே சொன்னது. அதில் எனக்கும் சிறு பங்கு உண்டு.

பதினோராவது பந்து ஊனாவுடையது. ஊனா என் மனைவி. 1994, எங்கள் எட்டாவது கல்யாண நாள். நான் வீட்டில் இருப்பதே இல்லை என்றுதான் அவள் இந்த ஆட்டத்தையே கற்றுக்கொண்டாள். அவள் பந்து ஒரு துள்ளல்கூட இல்லாமல் நேரே உள்ளே இறங்கியது. அப்படி ஒரு அடியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. சொந்த மனைவி என்பதால் சலுகை காட்டினேன் என்ற பேச்சு வரக் கூடாதல்லவா. அதனால் இடதுபக்க மணற்பள்ளத்தில், அவள் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலான சுவருக்கு அடியில் வைத்தேன்.

"முழங்கால இன்னும் மடக்கு, கண்ணு" என்றேன்.

"இதுக்கு மேல மடக்கினா உட்காந்துடுவேன், டூகல்ட்."

பந்தை வெளியே எடுக்க ஏழு தடவை அடித்தாள். அரை மணி நேரம் கூடவே நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொடுத்தபோது கொஞ்சம் அழுதாள். தோளில் தட்டிக்கொடுத்தேன். நல்ல கணவன் என்றே என்னை நினைக்கிறேன்.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். நானும் ஊனாவும் ஆடிக்கொண்டிருந்தோம். எட்டாவதில் ஏழாம் நம்பர் மட்டையால் அடித்தேன். மேட்டைத் தாண்டிப் போன பந்து குழியில் நட்ட கொடிக்கம்பில் பட்டு உள்ளே இறங்கிய சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நாற்பத்தோரு வருடம் கேட்டவன் நான். என் முழங்கால் சரியில்லை என்பதால் ஊனா முன்னால் ஏறிப் போனாள். திரும்பி எட்டிப் பார்க்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்து மணற்பள்ளத்தில் கிடந்தது. மணல் அழகாக வாரிவிடப்பட்டிருந்தது. ஊனா பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து முட்டை சான்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளதானே விழுந்துச்சு?" என்றேன்.

"உள்ளதான். நான்தான் எடுத்தேன்" என்றாள். "நீ தூக்கத்துல எண்ணுவ, டூகல்ட். பல்டாக்டர், பாதிரியார், அந்த நார்வேக்காரங்க ரெண்டு பேரு. பதினோராவதா என் பேரு வரும். முப்பது வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உனக்கு ஒண்ணு விழட்டும்னு காத்திருந்தேன். நீ ஆடுற லட்சணத்துக்கு இவ்வளவு நாளாச்சு."

குழிக்குள் பந்தைப் பார்த்த சாட்சி இல்லாமல் பலகையில் பெயர் ஏறாது. சட்டம் உங்களுக்கே தெரியும். இருக்கிற ஒரே சாட்சி அவள்தான். இருபத்துமூன்றையும் நான் இங்கே வந்து சொன்னால் தானும் வந்து சொல்வதாகச் சொன்னாள். சொல்லிவிட்டேன். வெளியே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டுக் கேளுங்கள்.

பலகை விஷயத்தில் என் யோசனையையும் குறித்துக்கொள்ளுங்கள். இருபத்துமூன்று பேரையும் ஏற்றினால் அது ஓட்டல் விலைப்பட்டியல் மாதிரி ஆகிவிடும். ஒரு பெயர் போதும். ஊனாவுடையதைப் பற்றியும் நடுநிலையாக யோசித்துப் பார்த்தேன். அது ஏதாவது முயல் புழுக்கையில் பட்டுத் திரும்பி உள்ளே போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நான் சரியாகக் கவனிக்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் பந்து தானாக விழுந்தது, ஐயா. நான் அடித்தேன்.