மூக்கிக்குக் கொடுத்த பேரீச்சம்பழம்

காலையிலிருந்து இடுப்பு விண் விண்ணென்று தெறிக்கிறது. இந்த நாற்காலியில் கொஞ்சம் சரிந்துதான் உட்கார முடியும். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். மீசை முளைக்கும் முன்பே செங்கல் சூளையில் சுமை தூக்கிய இடுப்பு இது. நான் ஆபீஸுக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. இடுப்பு இன்னும் சூளையில்தான் வேலை பார்க்கிறது.

நீங்கள் வெளியிலிருந்து விசாரணைக்கு வந்தவர், எங்கள் வேலை பழக்கமில்லை என்றீர்கள். சொல்கிறேன். காட்டு விலங்குகளைக் காப்பாற்றும் அறக்கட்டளை இது. அடிபட்டது, தாயை இழந்தது எல்லாம் இங்கே வரும். டாக்டரம்மா குணப்படுத்துவார். குணமானதும் காட்டில் விடுவோம். அதற்குக் காசு வேண்டும், அது என் வேலை. என் அறை வாசலில் 'ஆதரவாளர் வளர்ச்சி' என்று பலகை தொங்கும். நான் ஆதரவாளர்களை வளர்க்கிறேன், அவர்கள் விலங்குகளை வளர்க்கிறார்கள். இரண்டு பக்கமும் வேளாவேளைக்கு ஏதாவது போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு நான் எங்கேயும் படிக்கவில்லை. என் அப்பா கல் உடைக்கிறவர். ஒரு நாள் பாறை சரிந்து கால் நசுங்கியது. அவர் கட்டுப் போட்டுக் கிடந்தவரை எங்கள் வீட்டுக்கு வராத ஆள் இல்லை. அரிசி வந்தது, முட்டை வந்தது, முதலாளியே பழம் கொடுத்தனுப்பினார். அப்பா எழுந்து நடந்த அன்றைக்கு எல்லாம் நின்றது. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு மாசம் படுத்தே கிடந்திருக்கலாம் இந்த மனுஷன்" என்றாள். அவள் வேடிக்கைக்குச் சொன்னாள். நான் அதைத் தொழிலாக எடுத்துக்கொண்டேன்.

மூக்கி குட்டியாக வந்தாள். கரடிக்குட்டி. முன்காலில் கம்பி இறுகி எலும்பு தெரிந்தது. எங்களிடம் தத்தெடுப்புத் திட்டம் ஒன்று உண்டு. மாதச் சந்தா கட்டினால் ஒரு விலங்கை உங்கள் பிள்ளையாகத் தருவோம்; தீனி எங்கள் பொறுப்பு, பெருமை உங்களுக்கு. மாதம் ஒரு படமும் ஒரு கடிதமும் வரும். குட்டிக்குப் பெயர் வைக்க ஆதரவாளர்களிடமே ஓட்டுக் கேட்டோம். எங்கள் இயக்குநர் 'இளவரசி' என்று ஒரு பெயர் கொடுத்தார். மூக்கி ஜெயித்தது. அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கம்பிக் காலின் படத்துக்கு வந்த அளவுக்குச் சந்தாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்புறம் கால் ஆறிவிட்டது. டாக்டரம்மா கெட்டிக்காரர், என்ன செய்வது.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். காட்டுக்குத் திரும்பப் போகிற கரடிக்கு மனிதனைக் கண்டால் பயம் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஊருக்குள் நேராக நடந்து வரும், யாரையாவது கிழிக்கும், இல்லை அடிபட்டுச் சாகும். அதனால் மூக்கியின் வேலிப் பக்கம் யாரும் பேசக்கூடாது. குழாய் வழியாகத்தான் தீனி விழும். கொடுக்கிற கை அவள் கண்ணில் படக்கூடாது. தீனி போடுகிறவர்களை டாக்டரம்மா வரிசையாக நிறுத்திச் சொல்வார்: "கொஞ்சணும்னு தோணுச்சுன்னா வீட்டுக்குப் போய் உங்க புருஷன் பொண்டாட்டியக் கொஞ்சுங்க. இவளைக் கொஞ்சினா இவளைக் கொல்றீங்கன்னு அர்த்தம்."

குட்டிகள் வளர்ந்ததும் ஒரு பரீட்சை உண்டு. முன்பின் தெரியாத ஆள் ஒருவர் வேலியோரமாக நடப்பார். கரடி புதருக்குள் ஓடினால் பாஸ். நின்று பார்த்தால் சந்தேகம். கிட்டே வந்தால் ஃபெயில்.

படம் எடுக்க வேலியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அங்கே போக எனக்கு மட்டும் அனுமதி. மூக்கி நல்ல பிள்ளையாக என்னைக் கண்டதும் ஓடிவிடுவாள். மாதாமாதம் எனக்குக் கிடைத்தது அவள் பின்பக்கம்தான். ஆதரவாளர்களில் ஒரு அம்மா உண்டு, ஓய்வுபெற்ற டீச்சர். கரடிக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்புவார். ஆபீஸில் ஸ்வெட்டர் அக்கா என்போம். அவர் போன் செய்தார்.

"தம்பி, மூணு மாசமா அவ முதுகத்தான் அனுப்புறீங்க. எம்மேல ஏதாவது கோவமா அவளுக்கு?"

"இல்லக்கா, கூச்சம்."

"கரடிக்கு என்னப்பா கூச்சம்? மூஞ்சியக் காட்டச் சொல்லு. காசு மூஞ்சிக்குத்தான் கட்டுறேன்."

நியாயமான கேள்வி. அடுத்த நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஓட்டை வழியாக ஒரு பேரீச்சம்பழம் போட்டேன். ஒரே ஒரு பழம். அவள் ஓடிப்போய், நின்று, திரும்பி, மூக்கைத் தூக்கினாள். பெயருக்குத் தகுந்த மூக்கு. வந்து எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். படம் எடுத்தேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஊரெல்லாம் ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டு நன்றி சொன்னேன். பேசக்கூடாது என்பது தெரியும். ஆனாலும் நன்றி சொல்லாமல் வர எனக்குப் பழக்கமில்லை.

பிறகு ஒவ்வொரு மதியமும் போனேன். வெறுங்கையோடு எப்படிப் போவது?

பழத்தில் கொட்டை இருந்தால் கரடியின் சாணத்தில் வந்துவிடும். டாக்டரம்மா சாணத்தைத்தான் முதலில் பார்ப்பார், பிறகுதான் செய்தித்தாள். அதனால் என் மனைவியிடம் கொட்டை எடுக்கச் சொன்னேன்.

"தெனம் இவ்வளவு பழம் யாருக்கு?"

"ஆபீஸ்ல ஒரு பொண்ணு. ரத்தம் குறைச்சல்."

"பேரு?"

"மூக்கின்னு கூப்பிடுவாங்க."

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அழகா இருப்பாளோ?"

"உடம்பெல்லாம் முடி."

"நீங்க எதுக்கு உடம்பையெல்லாம் பாத்தீங்க?" என்றாள். மறுநாள் ஆபீஸ் வாசலுக்கே வந்து உளவு பார்த்துவிட்டு, வரவேற்பறைச் சுவரில் மூக்கியின் படத்தைக் கண்டு சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள். அதிலிருந்து அவளே ஆசையாகக் கொட்டை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு விதி எதுவும் தெரியாது. அவளை இதில் சேர்க்காதீர்கள்.

முதல் பரீட்சை வந்தது. ஒரு தச்சரைக் கூட்டிவந்து வேலியோரம் நடக்கவிட்டார்கள். மூக்கி புதரிலிருந்து வந்தாள், வேலியில் எழுந்து நின்றாள், நாக்கை நீட்டினாள். தச்சர், "என்னாங்க, பாக்கெட்ல கை விடுது" என்றார். ஃபெயில்.

டாக்டரம்மா அன்று சாப்பிடவில்லை. நான் என் அறைக்குப் போய் 'மூக்கிக்கு நம்மைப் பிரிய மனமில்லை' என்று கடிதம் எழுதினேன். சந்தா மறுபடி ஏறியது. ஸ்வெட்டர் அக்கா போனில் அழுதார், கூடவே தன் தங்கையையும் சேர்த்துவிட்டார். அந்தக் காசில் இரண்டு ஆந்தைக்கு இறக்கை சரியானது, ஒரு நரிக்குக் கண் வந்தது. ஆந்தைகள் பறந்து போவதை நானே கீழே நின்று பார்த்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பரீட்சையும் அப்படித்தான். அதற்குப் பிறகு டாக்டரம்மா விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். மூன்றாவது தடவையும் தோற்றால் அந்த விலங்கைக் காட்டிலும் விடமுடியாது, இங்கேயும் வைக்கமுடியாது. ஊசி போட்டு முடித்துவிடுவதுதான். ஒரே ஒரு விலக்கு: யாரோ மனிதர் பழக்கிக் கெடுத்தார் என்று நிரூபணமானால் திரும்பப் பழக்க ஒரு வருடம் தருவார்கள்.

அன்றிலிருந்து டாக்டரம்மா அவளுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். தகரம் தட்டினார், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார், ஆள் வரும்போதெல்லாம் சங்கை அலறவிட்டார். பலன் இருந்தது. ஒரு மதியம் நான் போனபோது மூக்கி என்னைக் கண்டு ஓடிப்போய் மூலையில் ஒடுங்கிக்கொண்டாள். நடுங்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று கூடுதலாகப் பழம் போட்டேன். நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தேன். இடுப்புவலியைப் பற்றித்தான் பேசினேன், வேறு என்ன தெரியும் எனக்கு. கடைசியில் வந்தாள். காலையில் டாக்டரம்மா பயத்தை ஊட்டுவார், மதியம் நான் துடைத்து எடுப்பேன். இருவரும் ஒரே பிள்ளைக்கு உழைத்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

விதியைக் கேட்ட பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று உங்கள் கண் கேட்கிறது. நானும் யோசித்துப் பார்த்தேன். பாஸான கரடிக்கு யாரும் சந்தா கட்டுவதில்லை ஐயா. காட்டுக்குப் போன அன்றைக்கே பாதிப் பேர் போய்விடுவார்கள். அப்பா எழுந்து நடந்த கதைதான். ஊசி நாள் குறித்த கரடி என்றால் அது வேறு. 'மூக்கிக்குக் கடைசி வாய்ப்பு' என்ற வேண்டுகோளை மூன்றாவது பரீட்சைக்கு முன்பே எழுதி, படத்தையும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். நல்ல எழுத்து. திருத்தவே இல்லை.

மூன்றாவது தடவை ஒரு தபால்காரரைக் கூட்டிவந்தார்கள். மூக்கி அவரைப் பார்த்து ஓடினாள். டாக்டரம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். ஓடிய மூக்கி பாதியில் நின்றாள். தபால்காரருக்குப் பின்னால் நானும் நிற்பதைப் பார்த்துவிட்டாள். நேராக வேலிக்கு வந்தாள்.

டாக்டரம்மா கையை விட்டுவிட்டார். "அவ கண்ணுல படற மாதிரி நீங்க ஏன் வந்து நின்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"படத்துக்கு" என்றேன்.

வேண்டுகோள் அன்றே போனது. பள்ளிக்கூடங்கள் உண்டியல் உடைத்தன. போனை வைக்க முடியவில்லை. ஊசிக்குக் குறித்த நாளுக்கு முன்தினம் டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். தூங்காத முகம்.

"யாராவது அவளுக்குக் கையால ஏதாவது குடுத்திருந்தா சொல்லிடுங்க. நான் திட்டமாட்டேன், வேலையும் போகாது, இயக்குநர்கிட்ட பேசிட்டேன். ஒருத்தர் ஒத்துக்கிட்டா போதும், அவளுக்கு ஒரு வருஷம் கெடைக்கும்."

தீனி போடுகிற அண்ணன் ஒருவர், தான் ஒருமுறை அவளுக்குக் கேட்கும்படி தும்மியதாகச் சொல்லிக் கண்கலங்கினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் வாயைத் திறந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். தெரிந்துதான் திறக்கவில்லை. பணம் வந்துகொண்டிருந்த வாரம் அது. 'எங்கள் ஆளே கெடுத்துவிட்டார்' என்று அந்த வாரத்தில் சொன்னால் மூக்கிக்கு மட்டுமல்ல, ஆந்தைக்கும் நரிக்கும் வருகிற காசும் நின்றுபோகும். நான் கணக்குப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்து போனேன்.

ஊசி போடுவதில் சிரமம் இருக்கவில்லை. மற்ற கரடிகளைத் தூரத்திலிருந்து மயக்க ஊசியால் சுடவேண்டும். மூக்கி தானே வந்து வேலியில் தோளைச் சாய்த்துக்கொண்டு டாக்டரம்மாவின் வெறுங்கையை முகர்ந்து பார்த்தாளாம். நான் அன்று போகவில்லை. அஞ்சலிக் கடிதம் எழுதவேண்டியிருந்தது.

நான் மாட்டிக்கொண்ட விதம் உங்களுக்குத் தெரியும். ஊசிக்கு முந்தின நாள் என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கொட்டை எடுக்காமலே போட்டுவிட்டேன். மூக்கிக்குக் கடைசி மதியம், வெறுங்கையோடு எப்படிப் போவது? செத்த பிறகு டாக்டரம்மா அவள் வயிற்றைத் திறந்து பார்த்திருக்கிறார். என் அறைக்கு வந்து, மேஜையில் அந்தக் கொட்டைகளைக் கழுவித் துடைத்து வைத்தார். கத்தவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த அஞ்சலியைக் கையில் எடுத்து முழுதாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உங்களுக்குப் போன் செய்யப் போனார்.

அவ்வளவுதான். மறைக்க ஒன்றுமில்லை. பழக்கியது நான், தோற்கவைத்தது நான், வாயை மூடிக்கொண்டு சாகவிட்டதும் நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் நான் அவளை ஒரு நாளும் அதட்டியதில்லை, ஒரு வேளை பட்டினி போட்டதில்லை. அவளிடம் அன்பாகப் பேசியது இந்த இடத்தில் நான் ஒருவன்தான். அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது சீக்கிரம் முடிந்தால் நல்லது. போன வாரம் புதிதாக ஒரு குட்டி வந்திருக்கிறது, கண் சரியாகத் திறக்கவில்லை, ஓட்டுக்கு விடப் பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். மூக்கிக்கு நான் எதுவும் பாக்கி வைக்கவில்லை. ஆதரவாளர்களுக்குத்தான் ஒரு கரடி கொடுக்கவேண்டிய கடன் நிற்கிறது.