றூபனின் குரல் இருந்த கசெற்

கசெற்றைப் படுக்கையாக அடுக்கக் கூடாது, ஹன்னா. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். மாரிக்கு முன் ஒருமுறை முழுவதும் ஓடவிட்டுத் திரும்பச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாடாவில் பூஞ்சணம் பிடித்துவிடும். கசெற் போடும் செற்றின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். உன் அம்மா பொன்மலருக்கு இதொன்றும் தெரியாது. அவளுக்குக் கேட்க மட்டும்தான் தெரியும்.

நீ வயிற்றில் இருந்தபோது உன் அப்பா றூபன் வன்னியிலிருந்து ஆள்மூலம் கொடுத்துவிட்ட கசெற் அது. அவன் காணாமற் போய்ப் பல வருஷம் கழித்து நான் உன் அம்மாவைக் கட்டினேன். அன்றிலிருந்து அதைப் பார்த்துவந்தவன் நான்தான். இந்த உடுப்பிட்டியில் வேறு யார் வீட்டில் அந்தக் காலத்துக் கசெற் இன்னும் ஓடுகிறது, சொல் பார்ப்போம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அவள் அதைப் போடுவாள். "மலர், பொம்பிளைப்பிள்ளை எண்டால் ஹன்னா எண்டு பேர் வையும். நான் வந்து தூக்குவன்" என்பான் அவன். வந்தானா? நான் சமைத்த சோறு ஆறிப்போகும். நான் துடைத்த செற்றின் முன்னால் இருந்து அவள் அவனோடு சிரிப்பாள். நான் சோற்றைத் திரும்பச் சூடாக்குவேன்.

நீயும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். நோர்வேயிலிருந்து போன் எடுத்து, "அங்கிள், வாற மாசம் வாறன். அப்பான்ரை குரலைப் போனிலை ஏத்தோணும். பிறகு அம்மா எந்த நேரமும் கேக்கலாம்" என்றாய். உன்னைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கிய நான் அங்கிள். ஒரு துண்டு நாடா அப்பா. அதையும் விடு. எந்த நேரமும் என்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஞாயிறு மட்டும் என்றபடியால்தான் இவ்வளவு காலமும் பொறுத்தேன்.

அவள் நெல்லியடிச் சந்தைக்குப் போயிருந்தாள். மேலே வேறொன்றும் பதிவாகாதிருக்க, கசெற்றின் முதுகிலுள்ள சின்னப் பல்லுகளை நானே முன்பு உடைத்துவிட்டிருந்தேன். அந்த ஓட்டைகளை ஒட்டுகிற செலோரேப்பால் மூடினேன். மைக் வயரைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் வெறுமையைப் பதிந்தேன். பிறகு ரேப்பை உரித்து, கசெற்றை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரைச்சல் மட்டும் வந்தது. "நீர்தான் போன கிழமை பதியிற சிவப்புப் பட்டனை அமத்திப்போட்டீர் போலை கிடக்கு. கண் வடிவாத் தெரியாத ஆள்" என்றேன்.

"ஐயோ, என்ரை கையாலையோ?"

ஓம் என்றேன். அன்று பின்னேரம் அவள் அந்த விரலை அடுப்பு நெருப்பில் வைத்தாள். உன்னிடம் கறிச்சட்டி சுட்டது என்றுதான் சொல்லியிருப்பாள்.

பல்லுடைந்த கசெற்றில் அம்மா எப்படிப் பதிந்திருப்பா என்று கேட்கிறாய். கெட்டிக்காரிதான். நான்தான் அழித்தேன். ஆனால் அவளிடம் சொல்லி வீணாக நோகடிக்காதே. மருந்து பூசுவதற்கு இப்போது தினமும் என்னிடம் கையை நீட்டுகிறாள். கட்டிய நாளிலிருந்து அவளாக என்னிடம் கை நீட்டியதே இல்லை. பிந்தியென்றாலும் என்மேல் ஒரு அன்பு வந்திருக்கிறது.