நல்ல சேதி கேட்ட முகம்

மேடையில் வீற்றிருக்கும் நம் நிறுவனத் தலைவர் அவர்களே! இன்ஜினியரம்மா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே! லென்ஸ், பேக்கிங், பழுதுபார்க்கும் பிரிவுகளைச் சேர்ந்த அண்ணன்மார்களே, அக்காமார்களே! டீ உண்டு என்று யாரோ சொன்னதை நம்பிக் கடைசி வரிசையில் காத்திருக்கும் பெருமக்களே! அக்காவின் இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இதோ, இங்கே பெரிதாக்கி வைத்திருக்கிறோமே அக்காவின் படம், அது நம் கேமராவில் எடுத்ததில்லை. மாமாவின் கைப்பேசியில் எடுத்தது. கேமரா கம்பெனியில் வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்குக் கைப்பேசிப் படமா என்று தலைவர் அவர்கள் கோபிக்கக் கூடாது. நம்மிடம் அக்காவின் படம் இல்லாமல் இல்லை. பீரோ பீரோவாக இருக்கிறது. ஆனால் அத்தனையிலும் அக்கா நிறம் ஒப்பிடும் அட்டையைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, சங்கிலி பறித்து மாட்டிக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அதை மேடையில் வைத்தால் வந்தவர்கள் அழுவார்களா, சாட்சி சொல்வார்களா?

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கம்பெனி பிலிம் செய்துகொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு நாள் சரக்கும் வெளியே போகும் முன் அதில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முகத்தைப் படம் பிடித்து, கழுவி, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முகத்தின் நிறம் சரியாக இருந்தால் சரக்கு லாரி ஏறும். கொஞ்சம் மஞ்சளாகவோ நீலமாகவோ வந்தால் லாரிக்காரர் டீக்கடைக்குப் போய்விடலாம். அந்த முகம்தான் அக்கா!

நிறச் சோதனைப் பிரிவின் நிரந்தர முகம் என்று தலைவர் அவர்கள் அழகாகச் சொன்னார். நாங்கள் மூஞ்சியக்கா என்போம். ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்? அழகுக்காகவா? மாமா மன்னிக்க வேண்டும். லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த பெண்களை எல்லாம் வரிசையாக உட்கார வைத்துப் பார்த்த அந்தக் கால மேனேஜர் சொன்ன காரணம் இதுதான்: “இந்தப் பொண்ணு மட்டும்தான்யா கண்ணைச் சிமிட்ட மாட்டேங்குது.”

எப்பேர்ப்பட்ட காலம் அது! கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வந்தாச்சா என்று கேட்கும் முன் நம் கேமரா வந்தாச்சா என்று கேட்பார்கள். குழந்தை பிறந்தாலும் நம் பிலிம், அது முதல் முறை பள்ளிக்கூடம் போனாலும் நம் பிலிம். நம் படத்தில் மட்டும் எல்லார் முகமும் இப்போதுதான் ஏதோ நல்ல சேதி கேட்ட முகம் மாதிரி இருக்கும். வட்டிக்காரர் படம்கூட அப்படித்தான் வரும்! அந்தப் பெருமையின் அடியில் யார் முகம் இருந்தது? அக்காவின் முகம் இருந்தது!

காலையில் சோதனை அறைக்குள் பிலிம் தட்டுகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. அக்கா நாற்காலியில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருப்பார். அப்படி ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“யக்கா, நாங்க சம்பளம் வாங்கிட்டு இந்த மூஞ்சியப் பாக்குறோம். மாமா எப்படிக்கா தினமும் ஓசியில பாக்குறாரு?”

“உன் மண்டையில நாலு முடி இருந்தாலாவது புடிச்சு உலுக்கலாம். அதுக்கும் வழியில்லாம வெச்சிருக்கியேடா!”

அட்டையைக் கையில் பிடித்திருப்பதால் அடிக்க முடியாது. அசையக் கூடாது என்பதால் சிரிக்கவும் முடியாது. அடக்கி அடக்கி முகம் சிவந்துபோகும். படம் பிடிப்பவர் அந்த நேரத்தில் கேமரா பட்டனை ஒரு தட்டு தட்டுவார். அவ்வளவுதான், அன்றைய சோதனை முடிந்தது. இப்படித்தான் ஒவ்வொரு காலையும். இதை ஒருநாளும் ஒரு சேவை என்று நான் நினைத்ததில்லை. மேனேஜரும் நினைத்ததில்லை. இதற்காக எனக்கு மெமோவே கொடுத்திருக்கிறார்.

பிறகு என்ன ஆயிற்று? கைப்பேசி வந்தது. டார்ச், கடிகாரம், கணக்குப் போடும் மெஷின் எல்லாவற்றையும் விழுங்கிய அந்தச் சின்ன டப்பா கேமராவையும் விழுங்கி ஏப்பம் விட்டது. நம் பெரிய பெரிய கூடங்களில் ஒவ்வொன்றாக விளக்கு அணைந்தது. பிலிம் மெஷினைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கூடம். அதில் நாங்கள் கேமராவுக்குத் தோள்வார் தைத்துக்கொண்டிருந்தோம். நான் தைத்த வாரை இழுத்துப் பார்த்துவிட்டு அக்கா, “இதுல கேமராவ மாட்டினா, கேமரா தரையில இருக்கும், வாரு தோள்ல இருக்கும்” என்பார். உண்மைதான். அப்படித்தான் இருந்தது.

அப்போதுதான் நம் தலைவர் அவர்கள் கம்பெனியை வாங்கினார். எங்களை எல்லாம் கூட்டி நிறுத்தி ஒளிவுமறைவில்லாமல் பேசினார். டிஜிட்டலில் ஒரு கேமரா, ஒரே ஒரு கேமரா செய்து பார்ப்போம். பழைய பிலிமின் நிறம் அதில் வந்தால் பிழைத்தோம். வராவிட்டால் பெயரை மட்டும் இஸ்திரிப் பெட்டி செய்கிறவர் ஒருவருக்கு விற்றுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

நம் பெயரில் இஸ்திரிப் பெட்டி! நான்கூட, எந்தப் பெட்டியாக இருந்தால் என்ன, தள்ளுகிற வண்டி ஒன்றுதானே என்றேன். அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இன்ஜினியரம்மா வந்தார். பழைய நாற்காலியைத் தேடிப் பிடித்தார். அக்காவை அழைத்தார். அட்டையைக் கையில் கொடுத்தார். ஆனால் இது பழைய அறை இல்லை. ஏசி அறை. கதவைச் சாத்திவிட வேண்டும். யாரும் உள்ளே வரக் கூடாது. முக்கியமாக நான் வரக் கூடாது.

படம் வந்தது. பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அடையாள அட்டையில் இருக்குமே ஒரு முகம், அந்த முகம்! சிவப்பைக் கூட்டினார்கள். போதவில்லை. இன்னும் கூட்டினார்கள். அக்காவின் முகம் ஒரு வழியாகச் சரியானபோது, அதே கேமராவில் கம்பெனி டைரக்டர் ஒருவரை எடுத்துப் பார்த்தார்கள். டைரக்டர் தக்காளியாக இருந்தார். குறைத்தால் அக்கா வெளுத்தார், கூட்டினால் டைரக்டர் பழுத்தார். வாரங்கள் போயின. கடைக்காரர்கள் வந்து பார்க்கும் நாள் நெருங்கியது.

கடைசியில் டைரக்டர் ஒரு முடிவு சொன்னார். கேமராவில் தப்பில்லை, அந்தம்மாவுக்கு வயதாகிவிட்டது, முகத்தை மாற்றுங்கள். இளம்பெண் ஒருத்தி மறுநாள் வருவதாக ஏற்பாடு.

அது அக்காவின் காதில் விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கூடம் மூடினப்பகூட எனக்கு இப்படி இல்லடா. நம்ம கலர் போனது என் மூஞ்சியாலன்னு சொல்லிட்டாங்க பாரு.”

என் டப்பாவில் இருந்த வடையை எடுத்து அக்காவின் டப்பாவில் வைத்தேன்.

அன்று மாலை கடைசியாக ஒரு படம். அறையிலிருந்த பழைய விளக்கை எடுத்துப்போக எனக்கு உத்தரவு. படம் முடிந்திருக்கும் என்று வண்டியோடு கதவைத் தள்ளிவிட்டேன். படம் இன்னும் முடியவில்லை. அக்கா அந்தக் குளிரில் விறைத்து உட்கார்ந்திருக்கிறார். வாய் என்னைக் கேட்டா திறக்கிறது?

“என்னக்கா, பல்லு புடுங்கவா உக்காந்திருக்கீங்க?”

“புடுங்குறதுக்கு முதல்ல உன் நாக்கு இருக்குடா, படவா!”

இன்ஜினியரம்மா திடுக்கிட்டதில் அவர் விரல் கேமராவை அழுத்திவிட்டது. “வெளிய போங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் நான் வண்டியை விட்டுவிட்டு ஓடினேன். வேலை போயிற்று என்று பேக்கிங் அட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இன்ஜினியரம்மா என்னைத் தேடி ஓடிவருகிறார்.

“அண்ணே, அக்காகிட்ட என்ன சொன்னீங்க?”

“தப்புதான் மேடம். இனிமே வாயத் திறக்க மாட்டேன்.”

“ஐயோ, திறங்கண்ணே! வந்து திரும்பச் சொல்லுங்க!”

கை தவறி எடுத்த அந்தப் படம் பழைய படத்தோடு அப்படியே ஒத்துப்போயிருந்தது! சிவப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பழைய படங்களில் இருந்ததெல்லாம் கடுப்பையும் சிரிப்பையும் அடக்கி ரத்தம் ஏறிய முகம். இவர்கள் எடுத்ததெல்லாம் குளிரில் வெளுத்த முகம். கேமரா தொடக்கத்திலிருந்தே சரியாகத்தான் இருந்ததாம். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அக்காவும் இல்லை. இதோ தலை குனிந்து சிரிக்கிறாரே, இந்த இன்ஜினியரம்மாதான். கை தட்டுங்கள். இரங்கல் கூட்டத்தில் தட்டலாமா என்று யோசிக்காதீர்கள், அக்கா இருந்தால் முதலில் தட்டியிருப்பார்.

மறுநாள் டைரக்டர் முன்னால் என்னை நிறுத்தி, “ம், கிண்டல் பண்ணுங்க” என்றார்கள். வேலையாகச் செய்யச் சொன்னதும் ஒரு வார்த்தை வரவில்லை. “யக்கா… சாப்பிட்டீங்களா?” என்றேன். அதைக் கேட்டதும் அக்காவுக்கு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! அட்டை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். அந்தப் படமும் ஒத்துப்போனது. டைரக்டர் எழுந்து அக்காவிடம் போய், “நான் சொன்னது தப்பும்மா” என்றார். அக்கா விடவில்லை. “நீங்களும் அந்த நாற்காலியில கொஞ்சம் உக்காருங்க தம்பி, நல்லா இருப்பீங்க” என்றார்.

கடைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் நல்ல சேதி கேட்ட முகத்தோடு திரும்பிப் போனார்கள். இன்று நான்கு கூடங்களில் விளக்கு எரிகிறது! இஸ்திரிப் பெட்டிக்காரர் தன் சொந்தப் பெயரிலேயே விற்றுக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு ஏதோ வாக்குவாதம். “இருங்க, தூங்கி எழுந்து வந்து மீதிய வெச்சுக்கிறேன்” என்று போய்ப் படுத்தவர்தான். மாமா, அந்த மீதி இனி உங்களுக்குக் கிடைக்காது. அதுதான் உங்கள் துக்கம் என்று எனக்குத் தெரியும். எங்கள் துக்கமும் அதுதான். நானும் எவ்வளவோ மீதி வைத்திருந்தேன்.

அன்பானவர்களே! அடுத்த மாதம் புது மாடல் வருகிறது. அந்த நாற்காலி காலியாக இருக்கலாமா? இருக்க விடுவோமா? அக்காவின் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உயிருள்ள ஒரு முகமும் வேண்டும் என்று இன்ஜினியரம்மா சொன்னார். நான் உட்காருகிறேன் என்றேன். இத்தனை வருடமாக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நீங்கள் அத்தனை பேரும் நாளுக்கு ஒருவராக வந்து என்னைச் சிவக்க வைக்க வேண்டும். அந்தக் கதவை இனிச் சாத்துவதில்லை என்று இந்த மேடையில் அக்காவுக்கு வாக்குக் கொடுக்கிறோம்.

நேற்று ஒத்திகை பார்த்தோம். நான் அட்டையோடு உட்கார்ந்தேன். பேக்கிங் பிரிவு முழுவதும் வந்து என் தலையைப் பற்றிப் பேசியது. புது மாடலில் முகம் எங்கே இருக்கிறது என்று கேமராவே தேடிப் பச்சைக் கட்டம் போடும். தேடியது. கட்டம் என்னைத் தாண்டிப் போய், பின்னால் சுவரில் தொங்கிய சிவப்புத் தீயணைப்பு வாளியின் மேல் நின்றது. இரண்டாம் முறையும் அங்கேயே நின்றது. வாளி நன்றாக வந்திருப்பதாக இன்ஜினியரம்மா சொன்னார்.