பத்தரை மணிப் பள்ளிக்கூடம்

கழுத்தில் அடையாள அட்டை தொங்க முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவரை, என் வேலைக்கு உலை வைக்க வந்த கல்வி அதிகாரி என்றே நம்பினேன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பேருந்து அது. மலையில் ஓர் ஓராசிரியர் பள்ளி இருக்கிறது. அந்த ஓராசிரியர் நான்தான். செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"கவர்மெண்ட் ஸ்கூலைத் திருத்த ஒரே வழிதாம்மா. டாண்ணு ஒன்பதுக்கு ஆரம்பிக்கணும்," என்றார் அவர்.

அவர் பக்கத்தில் இருந்தவர் என் மாணவி ஒருத்தியின் அம்மா. "அது ஆவாது சார். இது புளி உலுக்குற மாசம். புள்ளைங்க பொறுக்கிப் போட்டுட்டு பத்தரைக்குத்தான் வருங்க. ஊரே கூடிப் பேசி வெச்சது."

"வாத்தியார் ஒத்துக்கிட்டாரா?"

"அவரு இன்னா சொல்வாரு? அவரே ரெண்டாவது பஸ்லதான் வர்றாரு."

செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்தேன்.

"அவர் பேரைச் சொல்லுங்க. மேலிடத்துக்கு எழுதுறேன்."

"நல்லா இருக்குதே! அவரத் தூக்கிட்டா பள்ளிக்கூடத்தப் பூட்டிடுவாங்க. கணக்குல கொஞ்சம் தடுமாறுவாரு, பாவம். ஆனா எங்களுக்குன்னு இருக்கறது அவரு ஒருத்தருதான்."

என் பள்ளி இருக்கும் ஊர் வந்ததும் அந்த அம்மா இறங்கிவிட்டார். அட்டைக்காரர் அசையவில்லை. அவர் கண்ணில் படப் பயந்து நானும் எழவில்லை.

ஜமுனாமரத்தூரில் அவர் கண்டக்டரிடம் கேட்டார்: "நான் கோயம்புத்தூர்ல பேங்க் வேலைங்க, லீவுல சும்மா சுத்திப் பார்க்க வந்தேன். படகு விடுற ஏரி எந்தப் பக்கம்?"

சாவி என் பையில் இருந்ததால், அன்று பள்ளி பன்னிரண்டு மணிக்குத் திறந்தது.