கூடைக்குக் காட்டிய நெருப்பு

அரவேணுவில் தகரக் கொட்டகை போட்டு அச்சுப்பட்டறை கட்டினேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், தேயிலைக் கொழுந்து சுமக்கும் பிளாஸ்டிக் கூடைகளில் எஸ்டேட் பெயரை உரியாமல் அச்சடிக்கும் வித்தையை யாரும் சொல்லித் தராமல் பிடித்தேன். நேற்று கோத்தகிரி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி என் பட்டறைக்கு வந்துபோன ஆராய்ச்சிப் பெண். மங்கி குல்லாவுக்குள் இருந்த என்னை அவள் கவனிக்கவில்லை.

“ஏனுங்கக்கா, கூடைக்கு நெருப்புக் காட்டினேன். இப்ப கரண்ட் ஓடுது!”

“உருகலையா கண்ணு?”

“நீலத் தீயில ஒரே இழுப்புங்க. முன்னெல்லாம் தண்ணி உருண்டு ஓடும், இப்ப பரவி நிக்குது. அது மேல கரண்ட் கடத்துற வெள்ளி மையில கோடு அச்சடிச்சேன். எத்தனை கழுவியும் உரியலீங்க! கொழுந்துல ஈரம் எவ்வளவுன்னு இனிமே கூடையே சொல்லும்.”

“அடேயப்பா! நெருப்புக் காட்டச் சொன்னது யாரு?”

“அரவேணுப் பெரியவர் ஒருத்தருங்க. கட்டுரைல ‘உள்ளூர் முறை’ன்னு போட்டுட்டேன்.”

“அவரு பேரைப் போடலையா?”

“அவரு அதையெல்லாம் படிக்கவா போறாருங்க?”

நான் காட்டிய வழியில் கரண்ட் ஓடுகிறது என்று கேட்டு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மணி, படித்துச் சொல்ல நான் ஆள் வைத்துக்கொள்கிறேன். அது உள்ளூர் முறை இல்லை, என் முறை. கட்டுரையில் இனிஷியலோடு என் பெயரைப் போடு.