இன்னும் முழுசாக் கத்துக்கல

— எட்டு வருஷமா ஒரு மனுஷன் கத்துக்கிட்டே இருப்பானாக்கா? மாடுகூட இந்நேரம் கத்துக்கிட்டிருக்கும்.

— இங்க பாருங்க மபாலோ அப்பா, வருஷா வருஷம் போடுற கையெழுத்துதானே. "கிரெய்க் எனக்கு வெடிவேலை சொல்லிக் குடுக்குறாரு, நான் இன்னும் முழுசாக் கத்துக்கல." ரெண்டே வரி. நீங்க போட்டாத்தான் அவருக்கு இன்னொரு வருஷம் நம்ம நாட்டுல வேலை பாக்க அனுமதி கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள பேப்பர் தலைநகரத்துக்கு, லுசாகாவுக்குப் போயாகணும்.

— போன மழையில சுரங்கத்துக் கிழக்குப் பக்கம் வெடி வைக்கிற துளையெல்லாம் தண்ணி நின்னுச்சே. இன்னிக்கு மருந்து போட்டா இன்னிக்கே வெடிச்சிடணும், விட்டா நமுத்துப்போகும்னு அவருக்குச் சொன்னது யாரு?

— நீங்கதான். ஊருக்கே தெரியும். சோல்வேசி சந்தையில மீன் விக்கிறவளுக்கும் தெரியும். பேப்பருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

— நமுகோலோ அக்கா, சுரங்கத்துல எல்லாருக்கும் சம்பளப் பட்டியல் போடுறது நீங்க. அவருக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு?

— உங்களைப் போல பதிமூணு மடங்கு. அவரு ஆஸ்திரேலியாக்காரரு. அந்த ஊரு விலைவாசி அப்படி, அதுக்குத் தக்கன சம்பளம்.

— அவரு என்ன, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கயா போயிட்டு வர்றாரு? வீடு கம்பெனியோடது, காரு கம்பெனியோடது, புள்ளைங்க படிப்பு கம்பெனி, வருஷத்துக்கு ரெண்டு தடவ விமானம் கம்பெனி. அவரு கைக்காசு போறது பீருக்கு மட்டும்தான். அதையும் நான் வாங்குற கடையிலதான் வாங்குறாரு.

— நமக்கு இங்க எல்லாம் மலிவுங்க. சோளமாவு மலிவு, கருவாடு மலிவு.

— டீசல் மலிவா? என் பொண்ணு இழுப்புக்கு உறிஞ்சுற மருந்து, கிரெய்க் மகன் வாங்குற அதே டப்பா. என் பேரைச் சொன்னா, சிஷிம்பா பொண்ணாச்சேன்னு கடைக்காரன் விலையக் குறைச்சா குடுக்குறான்? மாவையும் கருவாட்டையும் விட்டா எல்லாம் கப்பல்லதான் வருது. இந்த ஊர்ல மலிவு நான் ஒருத்தன்தான்.

— கோவப்படாதீங்க. கையெழுத்துப் போட்டா சம்பளத்துல நூத்துக்குப் பதினஞ்சு கூட்டித் தர்றதா மேல சொல்லியிருக்காங்க.

— உங்க நாற்காலியில முன்ன இருந்த வெள்ளக்காரம்மா வாங்கினதுல பாதியாவது உங்களுக்கு வருதா?

— அந்தப் பேச்சு எதுக்கு இப்ப.

— வயிறு எரியுதுக்கா. உங்களுக்கும் சேத்துத்தான் எரியுது.

— சரி, போடாதீங்க. கிரெய்க் மூட்டையக் கட்டிருவாரு. அவரு இடத்துல உங்களை உக்கார வைப்பாங்க, உங்க பழைய சம்பளத்துக்கே. கம்பெனிக்கு லாபம்தான். அதை யோசிச்சீங்களா?

— யோசிச்சேன். இந்தாங்க.

— என்னங்க இது, "முழுசாக் கத்துக்கிட்டேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கீழ இன்னொரு காகிதம்... ராஜினாமாவா? ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவீங்க?

— எல்லை தாண்டி, கோல்வேசிக்கு. அங்க ஒரு சுரங்கத்துல கூப்பிட்டிருக்காங்க. கிரெய்க் இங்க வாங்குற அதே சம்பளம்.

— காங்கோவுல? உங்களுக்கா அவ்வளவு?

— அங்க நான்தானேக்கா வெளிநாட்டுக்காரன்.

— அட. அங்கயும் இதே சட்டம்தான், இதே பேப்பர்தான். அப்ப உங்ககிட்ட வேலை கத்துக்கிறதா அங்கயும் ஒருத்தன் எழுதிக் குடுக்கணுமே?

— இருக்கான். இலுங்கான்னு பேரு. பன்னெண்டு வருஷமா அங்க வெடி வைக்கிறான்.

— அவனுக்கு எவ்வளவு?

— எனக்குச் சொன்னதுல பத்துல ஒரு பங்கு.

— அப்போ இனிமே கிரெய்க் நீங்கதான். இவ்வளவு நேரம் எங்கிட்ட எதுக்குய்யா நியாயம் பேசுனீங்க?

— நேத்து இலுங்காவுக்கு போன் போட்டேன். அவனுக்கும் நம்ம பெம்பா பாஷை பேச வரும்.

— என்ன பேசுனீங்க?

— ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்னு அந்தச் சுரங்கக்காரங்க எழுதித் தர்ற வரைக்கும், என் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடாதடான்னு சொல்லிட்டேன்.